நாற்காலி ஞானியும் நாற்பது விநாடியும்

போட்டி தொடங்கிய நான்காம் நாள் மாலை, எங்கள் பேட்டையைச் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் பேர் சமுதாயக் கூடத்தில் இடது காலை வலது கால் மேல் போட்டு, மூச்சை அடக்கி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மூன்றாம் வரிசை, வெண்கலத் திண்டு. மூக்கு அரித்தது. சொறியவில்லை. சொறிந்தால் நாட்டுக்கு ஒரு பாயிண்ட் போய்விடும்.

சிரிக்காதீர்கள். அங்கே இருந்திருந்தால் நீங்களும் சொறிந்திருக்க மாட்டீர்கள்.

நம் கண்டத்து நாடுகள் எல்லாம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஊரில் கூடி, ஓட்டம், நீச்சல், படகு, பந்து, பளு என்று முப்பது வகை விளையாட்டில் மோதிக்கொள்வது வழக்கம். எங்களைப் பொறுத்தவரை கண்டம் என்றால் அது ஜாதகத்தில் சொல்கிற கண்டம்தான். சொல்லிவைத்தாற்போல வரும், மானத்தை வாங்கும், போகும். போன தடவை எங்கள் நாட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம். அதுவும் படகுப் போட்டியில் எங்களுக்கு முன்னால் போன இரண்டு படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டதால் வந்தது.

இந்தத் தடவை நிலைமை வேறு. முதல் நாளே டேபிள் டென்னிஸில் வெள்ளி. இரண்டாம் நாள் நீச்சலில் வெண்கலம். மூன்றாம் நாள் சங்கிலிக்குண்டு எறிதலில் இன்னொரு வெள்ளி. புதுப் பயிற்சியாளர்கள் வந்திருந்தார்கள், நீச்சல் குளத்தில் பல வருடம் கழித்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஆடுகிற பிள்ளைகள் மூன்று வருடமாக விடியற்காலையில் எழுந்து உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார்கள் என்பதெல்லாம் செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஏழாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? எங்களுக்குக் காரணம் கூடத்திலேயே கிடைத்துவிட்டது. அந்தக் காரணத்துக்கு ஒரு வயிறும், தோளில் ஒரு சால்வையும், வலது காதில் ஒரு மிஷினும் உண்டு. அவர்தான் நாற்காலி ஞானி.

ஞானியாவதற்கு முன்னால் அவர் நாற்காலி வாடகைக்காரர். கல்யாணமா, கூட்டமா, துக்க வீடா, எதுவானாலும் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில்தான் எங்கள் பேட்டை உட்காரும். முதல் நாள் டேபிள் டென்னிஸ் பார்க்கக் கூடத்தில் பெரிய திரை கட்டியபோது நாற்காலி போட்டதும் அவர்தான். ஆட்டம் முடியும் நேரத்தில் நாற்காலியைத் திருப்பி எடுக்க வந்தவர், வாசலில் நின்றபடி திடீரென்று, "நாலாவது வரிசை கோணலா இருக்கு, நேராக்குங்க, பாயிண்ட் வரும்" என்றார். நேராக்கினார்கள். பாயிண்ட் வந்தது. மறுபடி, "முன்வரிசைக்காரங்க காலை உள்ள இழுங்க" என்றார். இழுத்தார்கள். மறுபடி பாயிண்ட். ஐந்து தடவை சொன்னார், ஐந்து தடவையும் பலித்தது. மறுநாள் அவரை உயரமான நாற்காலி ஒன்றில் ஏற்றி உட்கார வைத்து, மாலையும் போட்டுவிட்டோம். ஒரு மனிதனை ஞானியாக்க எங்களுக்கு ஒரு ராத்திரி போதும்.

அதற்கப்புறம் ஞானம் பெருகிற்று. உலகத்தில் எந்தப் பந்தும் தானாகப் போவதில்லை என்றார் ஞானி. பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கிற விதம்தான் அதைத் தள்ளுகிறதாம். கண்ணை மூடிக்கொண்டுதான் அருள்வாக்குச் சொல்வார். கண்ணைத் திறந்தால் வெளிக்காட்சி உள்காட்சியைக் கெடுத்துவிடும். காதும் கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தூங்கிப் போனதில் போய்விட்டது என்று அவரே சொல்வார். மிஷின் மாட்டியும் பயனில்லை. எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல், திரையில் நடக்கப் போவதை நடப்பதற்கு முன்னால் சொல்கிறார் என்றால் அது என்ன சாதாரண விஷயமா?

கூடத்துக்குச் சட்டதிட்டங்கள் வந்தன. செல்போன் அலை பதக்க அலையைக் குலைக்கும் என்பதால், ஞானியின் மச்சான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்று எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். போனுக்குப் பதில் திண்டு விற்றார். தங்கத் திண்டு, வெள்ளித் திண்டு, வெண்கலத் திண்டு. உறையின் நிறம்தான் வேறே தவிர, உள்ளே ஒரே குப்பை. தங்கத் திண்டு வாங்கியவர்களுக்கு முன்வரிசை. நாட்டுப்பற்று எவ்வளவு என்பது எந்தத் திண்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பதிலேயே தெரிந்துவிடும். நான் வெண்கலம் என்று முன்பே சொன்னேன். அதைப் பற்றி என் வீட்டுக்காரிக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

தோற்றால்? அதற்கும் ஞானியிடம் பதில் தயார். ஹாக்கியில் ஏழு கோல் வாங்கினோம். அன்று கூடத்தில் ஏழு தும்மல் என்றார் ஞானி. எங்களுக்குத் தெரிந்து நாலு பேர்தான் தும்மினார்கள். மீதி மூன்று பேர் தும்மலை அடக்கிக்கொண்ட பாவிகள் என்று முடிவு செய்து, யார் யார் என்று இரண்டு நாள் விசாரித்தோம்.

இதையெல்லாம் குறித்துவைக்க ஓர் ஆள் இருந்தார், கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர். பெரிய கோடு போட்ட நோட்டில், ஞானி இன்ன நேரம் உத்தரவு கொடுத்தார், திரையில் இன்ன நேரம் நடந்தது என்று விநாடி சுத்தமாக எழுதிக்கொண்டே வருவார். முப்பத்தெட்டு விநாடி, நாற்பத்தொரு விநாடி, நாற்பது விநாடி. சராசரி எடுத்தார். நாற்பது. "பாருங்க, அருள் பலிக்கிறதுக்குச் சரியா நாற்பது விநாடி ஆகுது. இயற்கையில ஒரு ஒழுங்கு இருக்கு" என்று கண்கலங்கினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால் இதற்கு மேல் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இதுவரைக்கும் வேடிக்கை. ஐந்தாம் நாள் வேடிக்கை ஒரு வீட்டின் மேல் போய் விழுந்தது.

எங்கள் பேட்டையில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாவைத் தையலம்மா என்போம். அவருடைய மகள் பாப்பா. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். பாப்பா நூறு கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவாள். நாட்டின் பளுதூக்கும் அணியில் இருக்கிறாள், இந்தப் போட்டிக்கும் போயிருக்கிறாள். பதக்கம் வரலாம் என்று பேச்சு. எங்கள் பேட்டையில் பிறந்து செய்தித்தாளில் நல்ல காரணத்துக்காகப் பெயர் வந்த முதல் ஆள் அவள்.

ஐந்தாம் நாள் படகுப் போட்டி. நம் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. தையலம்மா மட்டும் போனை வாளியில் போடாமல் இடுப்பில் செருகி வைத்திருந்தார். வெளியூரில் இருக்கிற பெண் எப்போது கூப்பிடுவாளோ என்று பெற்றவளுக்கு இருக்காதா? போன் அதிர்ந்தது. மெல்ல எழுந்து வாசல் பக்கம் நடந்தார். அந்த நேரம் ஞானி உயர நாற்காலியிலிருந்து கையை நீட்டி, "எழுந்தது யாரு? படகைக் கவிழ்க்கிறாளே" என்று அலறினார். எல்லாரும் திரும்பித் தையலம்மாவைப் பார்த்தோம். பிறகு திரையைப் பார்த்தோம். படகு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். சற்று நேரத்தில் நம் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு பிள்ளைகளையும் தண்ணீரில் கொட்டியது.

கணக்கு வாத்தியார் நோட்டில் எழுதினார்: நாற்பது விநாடி.

அன்றிலிருந்து தையலம்மா, படகைக் கவிழ்த்த தையலம்மா ஆனார். தைக்கக் கொடுத்த துணியை அரைகுறையாகவே திருப்பி வாங்கிப் போனார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு ரவிக்கையைக் கை வைக்காமலே வாங்கிவந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பால்காரர் அவர் வாசலில் நிற்காமல் பாலை வைத்துவிட்டு நடந்தார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, தையலம்மாவே அதை நம்பிவிட்டதுதான். ஞானியிடம் போய், நாளன்றைக்கு என் பிள்ளை பளு தூக்கப் போகிறாள், நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கேட்டார். ஞானி வெகுநேரம் கண்ணை மூடியிருந்து பரிகாரம் சொன்னார். பாப்பா மேடை ஏறும்போது பெற்றவள் திரையைப் பார்க்கவே கூடாது. கூடத்துக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கும் அறையில், சுவரைப் பார்த்து, விசேஷத் திண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மீறிப் பார்த்தால் பளு மகள் மேலேயே விழும்.

விசேஷத் திண்டு மச்சானிடம் தயாராக இருந்தது. ஊதா நிறம்.

தையலம்மாவுக்கு ஒரு தங்கை உண்டு. எலக்ட்ரீஷியன். பாப்பாவுக்குச் சித்தி என்பதால் எங்கள் பேட்டைக்கே அவர் வயர் சித்தி. ஃபேன் ஓடாவிட்டாலும், மோட்டார் இழுக்காவிட்டாலும், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கூடத்தில் திரை கட்டியதும், இணைய லைன் இழுத்துப் படம் ஓட விட்டதும் அவர்தான். இரண்டாம் நாள் அதை எடுத்துவிட்டு ஆன்டெனா வைக்கத்தான் நினைத்தார். அதுதான் செலவில்லாதது, படமும் சுத்தமாக இருக்கும். ஞானிதான் தடுத்துவிட்டார். ஆன்டெனா ஆகாயத்திலிருந்து கெட்ட அலைகளையும் சேர்த்து இழுக்குமாம், இணையம்தான் சுத்தமாம். கொடுத்த வேலையைச் செய்துவிட்டுப் போவோம் என்று சித்தியும் விட்டுவிட்டார்.

அக்கா சுவரைப் பார்த்து உட்காரப் போகிறாள் என்று தெரிந்த அன்று சித்திக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அவர் கத்தவில்லை. கத்தினால் ஞானிக்குத்தான் கேட்காதே. அன்று வாலிபால் ஆட்டம். கூடத்து வாசலில் கம்பத்தின் மேல் ஏறி, தொங்கிப் போன லைனைக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே சலூன். சலூன்காரர் கூட்டத்துக்கு வராதவர். தலைக்கு ஆள் உட்கார்ந்திருந்தால் எழுந்து வர முடியாதே. அவர் கடையில் ரேடியோவில் அதே வாலிபால் நேர்முக வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

கம்பத்தின் மேல் ஒரு காதில் சலூன், மறு காதில் கூடம். ரேடியோக்காரர், நம் அணி ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டது என்றார். உடனே கூடத்துக்குள்ளிருந்து ஞானியின் குரல், இரண்டாம் வரிசைக்காரர்கள் கட்டைவிரலை மடக்க வேண்டும் என்றது. அப்புறம் அமைதி. அப்புறம் கூடமே கைதட்டிற்று. மறுபடி ரேடியோவில் பாயிண்ட், மறுபடி ஞானி, மறுபடி அமைதி, மறுபடி கைதட்டல். ரேடியோவில் பாயிண்ட் போனால், ஞானி யாரோ அசைந்துவிட்டதாகத் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கூடம் உச்சுக் கொட்டிற்று. ஒவ்வொரு தடவையும் வரிசை மாறவே இல்லை. சித்தி கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூட்ரைவர் கீழே விழுந்தது என்று சலூன்காரர் பிற்பாடு சொன்னார்.

இணையத்தில் வருகிற படம் பல இடம் சுற்றி, நின்று நிதானித்துத்தான் வந்து சேரும் என்பது அந்தத் தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ரேடியோ அப்படியில்லை, நடந்த கையோடு சொல்லிவிடும். இரண்டுக்கும் நடுவில் நாற்பது விநாடி. ஞானி காதில் மாட்டியிருந்தது செவிட்டு மிஷின் இல்லை. அதன் ஒயர் சட்டைக்குள் போய் எங்கே முடிகிறது என்பதும் சித்திக்கு இப்போது விளங்கிவிட்டது. முதல் நாள் வாசலில் நின்று ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஆள் வாய்தவறி உளறியதில்தான் இத்தனையும் ஆரம்பித்திருக்க வேண்டும். ஐந்து தடவை பலித்ததும் நாற்காலி வாடகையை விட இது நல்ல தொழில் என்று கண்டுகொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் ஞானிதான்.

சித்தி நேரே அக்காவிடம் போய்ச் சொன்னார். தையலம்மா நம்பவில்லை.

"நீ ஏதாவது செய்யப் போய், என் பிள்ளை கையில இருக்கிற பளு விழுந்துட்டா நீ பொறுப்பு ஏத்துக்குவியாடி?" என்று கேட்டார். "அவ கழுத்தில விழுந்தா?"

பயத்துக்கு முன்னால் விளக்கம் எடுபடாது. அக்கா கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று சித்தி வந்துவிட்டார்.

பிறகு கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனார். அவரிடம் ஒன்றையும் விளக்கவில்லை. நாளைக்கும் நேரத்தைச் சரியாக எழுத வேண்டும், ஒரு விநாடி பிசகக் கூடாது, பேட்டையின் மானமே அந்த நோட்டில்தான் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடிகாரத்துக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பளுதூக்கும் நாள் மதியமே கூடம் நிரம்பிவிட்டது. பக்கத்துப் பேட்டையிலிருந்தும் ஆட்கள். தையலம்மா தலையைக் குனிந்தபடி வந்து, ஊதாத் திண்டை வாங்கிக்கொண்டு பின் அறைக்குப் போனதை எல்லாரும் பார்த்தோம். என் பக்கத்தில் இருந்தவர் அவர் கடந்து போகும் வரை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நானும் இழுத்துக்கொண்டேன்.

ஞானி மாலையோடு வந்து உயர நாற்காலியில் ஏறினார். கண்ணை மூடினார். கூடத்துக் கூரையில் அன்று காலை ஓர் ஆன்டெனா முளைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை, மேலே பார்க்கிற பழக்கம் எங்களுக்கு விட்டுப் போயிருந்தது. சித்தி திரைக்குப் பின்னால் இணைய லைனைப் பிடுங்கிவிட்டு ஆன்டெனா லைனைச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஓரமாக ஏணியில் சாய்ந்து நின்றார்.

பாப்பா திரையில் வந்தாள். கையில் வெள்ளைப் பொடி பூசினாள். கம்பியைப் பிடித்தாள். நாங்கள் உத்தரவுக்காகக் காத்திருந்தோம். உத்தரவு வரவில்லை. உத்தரவு வராமலே அவள் பளுவை மார்புக்குக் கொண்டுவந்தாள், தலைக்கு மேல் தூக்கினாள், நின்றாள், சரி என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தது. கூடத்தில் பேச்சு மூச்சில்லை. கைதட்டலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஞானி சொல்வதற்கு முன்னால் ஜெயித்தால் அது செல்லுமா?

திரையில் பாப்பா பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஞானி கையை உயர்த்தினார்.

"எல்லாரும் மூச்சை அடக்குங்க" என்றார். "முதல் வரிசை தோளை உயர்த்துங்க. ஒருத்தரும் அசையாதீங்க. பாப்பா இப்போ தூக்கப் போறா."

பாப்பா துண்டால் முகம் துடைத்தாள்.

முதல் வரிசைக்காரர்கள் பழக்க தோஷத்தில் தோளை உயர்த்திவிட்டு, உயர்த்திய தோளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. வாத்தியார் நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி நோட்டைப் பார்த்தார்.

இரண்டாவது முயற்சி. பளு கூடியிருந்தது. பாப்பா மார்புவரை கொண்டுவந்துவிட்டாள். அதற்கு மேல் முழங்கை தடுமாறி, கம்பியை முன்னால் போட்டுவிட்டாள். கூடம் முழுக்க, ஐயோ என்று ஒரு முனகல். பாப்பா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போன பிறகு ஞானி முகத்தைச் சுளித்தார். யாரோ அசைகிறீர்கள், இடது பக்கம் யாரோ அசைகிறீர்கள், அந்தப் பெண்ணின் முழங்கை ஆடப் போகிறது, பிடியுங்கள், பிடியுங்கள் என்றார்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். சலூன்காரர். அன்று கடையை மூடிவிட்டு வந்திருந்தார். கத்தவில்லை, பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

"ஐயா, அது முடிஞ்சு போச்சு."

"எது முடிஞ்சு போச்சு?" என்று கேட்டார் ஞானி.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. இரண்டு வருடமாகக் காது கேளாத மனிதர், பத்து வரிசைக்கு அப்பால் மெதுவாகச் சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டார். கண்ணைத் திறந்தார். இருநூறு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. திரையைப் பார்த்தார். அதில் வேற்று நாட்டுப் பெண் ஒருத்தி பளு தூக்கிக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் நோட்டோடு எழுந்து நின்றார். "இன்னைக்குக் கழிச்சா மைனஸ் வருதுங்க" என்றார். "ஐயா சொல்றது நடந்ததுக்கு அப்புறம் வருது. ரெண்டு தடவையும்."

ஞானி சமாளித்தார். இன்று அலை தலைகீழாக அடிக்கிறது, யாரோ துரோகி செய்த வேலை என்றார். சித்தி ஏணியைக் கொண்டுவந்து உயர நாற்காலியில் சாய்த்து ஏறினார். ஃபேனைக் கழற்றப் போகிறவரைப் போல நிதானமாக, ஞானியின் காதிலிருந்து மிஷினை எடுத்து, கூடத்து மைக்கில் வைத்தார். ஒலிபெருக்கியில் ஒரு குரல் கணீரென்று வந்தது. நேயர்களே, சற்று முன் நமது வீராங்கனை இரண்டாவது முயற்சியைத் தவறவிட்டார், மூன்றாவது முயற்சிக்காகக் காத்திருக்கிறோம், அதற்குள் ஒரு சிறிய விளம்பரம் என்றது. விளம்பரம் வந்தது. இடுப்பு வலித் தைலம்.

ஒரு வாரமாகக் கோணலாக உட்கார்ந்து இடுப்பு போன இருநூறு பேரும் அதைக் கடைசி வரை கேட்டோம்.

சித்தி விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டு இறங்கி, ஏணியையும் எடுத்து ஓரமாக வைத்தார். ரேடியோ முந்தி வரும், இணையப் படம் பிந்தி வரும், நடுவில் இருக்கிற நாற்பது விநாடியைத்தான் உங்களுக்கு விற்றார், இன்று நான் பிந்தாத லைனைப் போட்டேன். அவ்வளவுதான். அதற்குள் மச்சான், மீந்த திண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். தங்கத் திண்டுக்காரர் ஒருவர் சாக்கைப் பிடித்து இழுக்க, ஒரு திண்டு கிழிந்து, உள்ளிருந்து கலர் கலராகத் துணித் துண்டுகள் கொட்டின. எல்லாம் தையலம்மாவின் கடையில் வெட்டிப் போட்ட கழிவு. படகைக் கவிழ்த்தவரின் வாசல் குப்பையைத்தான் நாட்டுக்காக விலை கொடுத்து வாங்கி, அதன் மேல் பயபக்தியோடு உட்கார்ந்திருக்கிறோம்.

சித்தி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. பின் அறைக்கு ஓடினார். கதவு திறந்திருந்ததால் நாங்கள் சிலர் பார்த்தோம். அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவில் தையலம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். வெளியே இத்தனை நடந்தது அவருக்குத் தெரியாது. சித்தி தோளைத் தொட்டதும், வர மாட்டேன் என்று தலையாட்டினார்.

"நான் பார்த்தா விழுந்துடும்டி" என்றார்.

"ரெண்டாவது தூக்கு விழுந்துடுச்சுக்கா" என்றார் சித்தி. "நீ பார்க்கல. சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தே."

தையலம்மா எழுந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார். ஊதாத் திண்டு காலில் தட்டி உருண்டது. கூடத்தின் நடுவழியில் வந்து நின்றபோது திரையில் பாப்பா மேடைக்கு வந்துவிட்டாள். நடுவில் இருந்தவர்கள் எல்லாம் விலகினோம். தையலம்மா உட்காரவில்லை. கால் மேல் கால் போடவில்லை. ஞானியின் சட்டப்படி செய்யக்கூடாத அத்தனையையும் அந்த ஒரு நிமிடத்தில் செய்தார். கையை ஆட்டினார், குதித்தார், முந்தானையைக் கடித்தார், "மெதுவா கண்ணு, முழங்கையை இறுக்கு, அவசரப்படாதே" என்று திரையோடு பேசினார். பாப்பா தூக்கினாள். முழங்கை ஆடவில்லை. மூன்று விளக்கும் வெள்ளை.

தையலம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்தது. வெண்கலம்.

ஞானியைக் கூட்டம் அடிக்கவில்லை. அடிக்க யாருக்கும் முகமில்லை. அவர் உயர நாற்காலியிலிருந்து இறங்க ஏணி இல்லாமல் அங்கேயே வெகுநேரம் மாட்டிக்கொண்டு, நான் சொன்னது எதுவாவது நடக்காமல் இருந்ததா, நீங்களே சொல்லுங்கள் என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இறக்கிவிட்டதும் சலூன்காரர்தான். ஞானி இப்போது பழையபடி நாற்காலி வாடகைக்கு விடுகிறார். காது நன்றாகக் கேட்கிறது. வாத்தியார் மட்டும் மறுநாளே தையலம்மாவின் கடைக்குப் போய், வாசலில் நின்றபடி மன்னிப்புக் கேட்டார். கூடவே, தைப்பதற்கு இரண்டு சட்டைத் துணியும் கொடுத்தார். எங்கள் வீட்டு ரவிக்கையும் போய்ச் சேர்ந்தது. அதை நான்தான் கொண்டுபோனேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எங்களைப் பற்றி நீங்கள் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்திருப்பீர்கள். முடியவில்லை. அன்று கூடத்தில் தையலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள், தங்கத் திண்டுக்காரர் சாக்பீஸ் எடுத்துவந்து, அவர் நின்று பார்த்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். நாளைக்கு வாலிபால் அரையிறுதி, அம்மா இதே இடத்தில், இதே மாதிரி நின்று முந்தானையைக் கடித்தால் போதும், தங்கமே வந்துவிடும் என்றார். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் வட்டத்துக்குள் கால் வைத்தவரைப் பிடித்துத் தள்ளினார்.

அந்த நேரம் பாப்பா கூப்பிட்டாள். போனைச் சத்தமாக வைத்தார்கள். முதலில் அம்மாவும் மகளும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு தங்கத் திண்டுக்காரர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, உங்கள் அம்மா நின்றதால்தான் ஜெயித்தாய், நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம் என்றார்.

"அண்ணே, அம்மா நின்னா நான் தூக்கிடுவேன்னா, ஆறு வருஷமா நான் எதுக்குத் தூக்கினேன்?" என்று கேட்டாள் பாப்பா. "என் உள்ளங்கையை வந்து பாருங்க, தோலே இல்ல."

சித்தி துடைப்பத்தை எடுத்துவந்து சாக்பீஸ் வட்டத்தை அழித்தார்.

மறுநாள் வாலிபாலில் தோற்றோம். ஏன் தோற்றோம் என்றால், எதிரணி நன்றாக ஆடியது. இந்த ஒரு வரியைச் சொல்லப் பழக எங்களுக்கு ஒரு வாரமும் இருநூறு திண்டும் தேவைப்பட்டன. உட்காருகிற இடத்துக்கு இவ்வளவு யோசித்த மக்கள், யோசிக்கிற இடத்தை உட்கார வைத்துவிட்டோம். உங்கள் ஊரிலும் யாராவது உயரமான நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு பேசினால், சொன்னபடி காலை மடக்குவதற்கு முன்னால், அவர் காதில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் எழுந்து போய்ப் பாருங்கள். எழுந்தால் எந்தப் படகும் கவிழாது.